கத்தினால் புரியாத ஒலிபெருக்கி

ஸ்பீக்கர் பெட்டியை அளந்துவிட்டு லேப்டாப்பை என் பக்கம் திருப்பி, "கோடு நேரா வந்துடுச்சு சார், வேலை முடிஞ்சுது" என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஓர் அலுப்பு வரும். உங்கள் மேல் கோபம் இல்லை. கோபப்படுகிற தெம்பு எப்போதோ போய்விட்டது. இரண்டு காதிலும் ஓயாத இரைச்சல், முட்டியில் வலி, ஏணியைக் கண்டாலே ஒரு வெறுப்பு. இந்த சவுண்டு தொழில் எனக்குச் சேர்த்து வைத்த சொத்து இவ்வளவுதான். இப்போது விரிஞ்சிபுரத்தில் வீட்டோடு கிடக்கிறேன். விடாமல் கேட்கிறீர்கள், அதனால் ஒரே ஒரு வேலையைப் பற்றி எழுதுகிறேன். மற்றதெல்லாம் உங்கள் மென்பொருளின் உதவிப் பக்கத்திலேயே இருக்கிறது, சோம்பல்படாமல் படித்துக்கொள்ளுங்கள்.

ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனி. பெயர் எதற்கு? கீழ்த்தளத்தில் தோல் வெட்டுவார்கள், மேல்தளத்தில் தைப்பார்கள். மேலே முழுக்கப் பெண்கள். இறங்குவதற்கு இரண்டு படிக்கட்டு. ஒன்று கேட் பக்கம், இன்னொன்று பசை வைக்கிற ரூம் பக்கம். இரண்டு தளத்துக்கும் சேர்த்து ஓர் அறிவிப்பு ஒலிபெருக்கி. நெருப்பு, புகை என்று ஏதாவது வந்தால் அதன் வழியாகச் சொல்லித்தான் ஆட்களை வெளியே கொண்டுவர வேண்டும்.

அந்த மைக்கில் பேசுகிற பெண்ணின் பெயர் எஸ்தர். தையல் மிஷினில் வேலைக்குச் சேர்ந்து, வேலை செய்துகொண்டே படித்து, பாதுகாப்புப் பயிற்சியும் முடித்து, கீழே ஆபீசில் அந்த மேசையைப் பிடித்தவள். அவளுடைய தோழிகள் ஜமாவே மேலேதான் தைத்துக்கொண்டிருந்தது. அதனால் அவளுக்கு அது வெறும் உத்தியோகம் இல்லை.

ஒருநாள் தீ ஒத்திகை வைத்திருக்கிறார்கள். எஸ்தர் மைக்கைப் பிடித்துக் கத்தியிருக்கிறாள். கீழ்த்தளம் மளமளவென்று காலியானது. மேல்தளத்தில் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. ஏதோ ஓவர்டைம் விஷயம் சொல்கிறாள் என்று நினைத்துத் தைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். நிஜமான நெருப்பாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கம்பெனி மேனேஜர் ஜமீல் பாய் எனக்குப் பழைய பழக்கம். நல்ல மனிதர். ஆனால் எந்நேரமும் யாராவது அவரைப் பிடுங்கிக்கொண்டே இருப்பார்கள். போன் செய்தார்.

"தணிகா, பேஜாரா போச்சுப்பா. திங்கக்கெழம இன்ஸ்பெக்ஷன். வெளிநாட்டு பார்ட்டியோட ஆள் வர்றான். மேல எவளுக்கும் ஒண்ணும் புரியலயாம். நீ வந்து செட்ட பாத்து, சரியா இருக்குதுன்னு ஒரு சர்டிஃபிகேட் குடுத்துட்டு போ."

"பாக்கறேன் பாய். செட்டுல கோளாறு இல்லன்னா?"

"அப்போ அந்தப் பொண்ணு கொரல்தான் கோளாறு. ஆம்பள கொரல்ல ஒரு ரெக்கார்டு மெட்ராஸ்லேர்ந்து வரவெச்சிட்டேன். அத போட்டுட்டு எஸ்தர மறுபடியும் தையல் லைனுக்கு அனுப்பிட வேண்டியதுதான். வேற இன்னா பண்றது?"

வெள்ளிக்கிழமை மதியம் போனேன். நம் பக்கத்தில் சவுண்டு வேலை செய்கிறவர்கள் அளவு எடுக்கப் போகிற நேரம் அது. ஜும்மா தொழுகைக்காக மிஷின்களை நிறுத்துவார்கள். வாரத்தில் அப்போதுதான் கம்பெனி மூச்சுவிடாமல் இருக்கும். அளவு மைக்கை வைத்து, மென்பொருளிலிருந்து சத்தத்தை அனுப்பி, பெட்டி எப்படிப் பேசுகிறது என்று வரைந்து பார்ப்பதற்கு இதைவிட நல்ல அமைதி கிடைக்காது. எனக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள், நானும் அப்படித்தான் செய்தேன், இந்த செட்டைக் கடைசியாகச் சரிசெய்த உங்கள் வயதுப் பிள்ளைகளும் அப்படித்தான் செய்திருந்தார்கள்.

அந்த நேரத்துக்கு ஒரு கட்டுப்பாடும் உண்டு. சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளிவாசல். ஜனங்கள் தொழுதுகொண்டிருக்கும்போது நாம் இங்கே 'ஊய்' என்று ஊளையிட முடியாது. சத்தத்தைக் கம்மியாக வைத்துக்கொள்வோம். யாரும் சொல்லித்தந்ததில்லை, சட்டமும் இல்லை. பக்கத்தில் பிழைக்கிறவனுக்கு இருக்க வேண்டிய மரியாதை, அவ்வளவுதான்.

பார்த்தேன். பிள்ளைகள் எடுத்து வைத்திருந்த கிராஃப் ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி இருந்தது. நானும் மெல்லிய சத்தத்தில் அளந்தேன். எனக்கும் அதே நேர்கோடு. எஸ்தரைப் பேசச் சொன்னேன். தொழுகை நேரம் என்பதால் அவளும் அடக்கமாகப் பேசினாள். மேல்தளத்தில் நின்று கேட்டால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி தெளிவு. குறை சொல்ல ஒன்றும் இல்லை. சர்டிஃபிகேட் எழுத ஆபீசில் உட்கார்ந்தேன்.

தொழுகை முடிந்து ஆட்கள் திரும்பி வந்தார்கள். மிஷின்கள் ஓட ஆரம்பித்தன. எஸ்தர் என் எதிரில் வந்து நின்றாள்.

"சார், ஒளிக்காம சொல்லுங்க. நெஜமாவே என் கொரல்தான் சரியில்லையா?"

"செட்டுல ஒண்ணும் தெரியலம்மா" என்றேன்.

கேள்விக்கு அது பதில் இல்லை என்று அவளுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. அவள் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. போகிற போக்கில் இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று, மிஷின் ஓடும்போதே பேசச் சொல்லிவிட்டு, முட்டியைத் திட்டிக்கொண்டே மறுபடியும் மாடி ஏறினேன்.

ஒத்திகையில் கத்தின மாதிரியே கத்தினாள். ஒன்றும் புரியவில்லை. ஏதோ ஒரு பெண் தொண்டை கிழியக் கூப்பிடுகிறாள் என்பது தெரிந்தது, என்ன சொல்கிறாள் என்பது தெரியவில்லை. வாயில் துணியை அடைத்துக்கொண்டு பேசுவது போல வெறும் ஆ, ஈ, ஊ மட்டும் வந்தது. போனில் "இன்னொரு தடவை" என்றேன். இன்னும் கத்தினாள். இன்னும் மோசமானது. மூன்றாவது முறை அவள் குரல் உடைந்தே போனது. தைத்துக்கொண்டிருந்த பெண்கள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

கொஞ்ச நேரம் எதுவும் வரவில்லை. அப்புறம் மேலே இருந்த பெட்டி பேசியது.

"போதும்டி பாத்திமா. என்னால முடியல. கொரல் நல்லா இல்லன்னா நான் இன்னா பண்ண முடியும்? இந்த வேலையே வேணாம். நாளைக்கே மேல வந்து மிஷின்ல குந்திக்கிறேன்."

மைக்கை அணைக்க மறந்திருக்கிறாள். பக்கத்து மேசைப் பாத்திமாவிடம் சொல்லிக்கொண்டது அப்படியே மேலே வந்துவிட்டது. அத்தனை மிஷின் சத்தத்துக்கு நடுவில் ஓர் எழுத்து விடாமல் கேட்டது. அழுகைக்கு முன்னால் இழுக்கிற மூச்சுகூடக் கேட்டது. ஒவ்வொரு மிஷினாக நின்றது. பெண்கள் எல்லாரும் பெட்டியையே பார்த்தார்கள்.

"இன்னாடி இது, எஸ்தர் அழுவுறா?" என்றாள் ஒருத்தி.

எனக்கு அந்த இடத்திலேயே உறைத்தது. கத்தினால் புரியாதது, முணுமுணுத்தால் புரிகிறது. அப்படியென்றால் கோளாறு அவள் தொண்டையில் இல்லை. கீழே இறங்கி ஓடினேன். என் வயதுக்கு ஓட்டம் என்று அதைத்தான் சொல்ல வேண்டும்.

"மேல கேட்டுச்சா?" என்று கேட்ட எஸ்தருக்கு முகமெல்லாம் செத்துப் போயிருந்தது.

"எல்லாம் கேட்டுச்சும்மா. அதான் சங்கதியே. கொஞ்சம் இரு" என்று லேப்டாப்பைத் திறந்தேன்.

இனிமேல் வருவது உங்களுக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் உங்கள் வீட்டில் யாராவது இதை எடுத்துப் படித்தால் புரியட்டும். ஒரு பெட்டிக்குள் கனத்த சத்தத்துக்கு ஒரு பெரிய ஸ்பீக்கர், கூர்மையான சத்தத்துக்கு ஒரு ஹார்ன். எதுவரை இது பேசுவது, எங்கிருந்து அது பேசுவது என்று இரண்டுக்கும் எல்லை போடுவதுதான் கிராஸ்ஓவர். அந்த எல்லைக்குப் பக்கத்தில் இரண்டும் சேர்ந்து பேசும். கோடு நேராக வரட்டும் என்று மென்பொருள் தானாகச் செய்திருந்த திருத்தங்களை எல்லாம் எடுத்துவிட்டு, மேல்தளத்துப் பெட்டியை வெறுமனே அளந்து பார்த்தேன். சரியாக அந்த எல்லையில் கிராஃபில் ஒரு கிணறு, அந்த இடத்துச் சத்தம் மட்டும் காணோம். அதன் அடிவரைக்கும் மென்பொருள் சத்தத்தைக் கொட்டிக் கொட்டி, மேலே பார்த்தால் சமதரையாகத் தெரிகிற மாதிரி செய்து வைத்திருந்தது.

கிணறு எப்படி வந்தது? பக்கத்துத் தோல் பதனிடும் ஷெட்டுகளிலிருந்து வருகிற காற்று செம்பைக் கறுக்கடிக்கும் என்பது இங்கே தொழில் செய்கிற எல்லாருக்கும் தெரியும். மேல்தளத்து ஹார்ன்கள் அப்படிக் கறுத்துப் பழுதாகி, அவற்றுக்குள் அதிர்கிற தகடான டயஃப்ரத்தை மாற்றியிருக்கிறார்கள். புதிதாக வாங்கிவந்ததில் பிளஸ், மைனஸ் முனைகளின் அடையாளம் பழையதற்கு நேர்மாறு. அதைக் கவனிக்காமல் பழைய வயரை அப்படியே மாட்டிவிட்டார்கள், அதன் பிறகுதான் பிள்ளைகள் அளந்திருக்கிறார்கள். பெரிய ஸ்பீக்கர் முன்னால் தள்ளும்போது ஹார்ன் பின்னால் இழுக்கும். ஒன்று சொல்வதை இன்னொன்று அழிக்கும். மென்பொருளுக்கு இதெல்லாம் தெரியாது. குறைகிறதா, ஏற்று, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். ஏற்றினதால் ஹார்ன் எப்போதும் மூச்சுமுட்டுகிற நிலையில் இருந்தது. எஸ்தர் மெல்லப் பேசினால் சமாளித்துவிடும். கத்தினால், ஹார்ன் எரிந்துபோகாமல் காப்பாற்றுவதற்காக வைத்திருக்கும் லிமிட்டர் அதன் கழுத்தைப் பிடித்து அமுக்கிவிடும். ஹார்ன் அமுங்கினால் க, ச, த எல்லாம் காணாமல் போகும். வெறும் ஆ, ஈ, ஊ மட்டும் மிஞ்சும்.

அமைதியான நேரத்தில், மெல்லிய சத்தத்தில் அளந்தவன் கண்ணில் இது படவே படாது. பிள்ளைகள் கண்ணிலும் படவில்லை, என் கண்ணிலும் படவில்லை. யாரும் திருட்டு வேலை செய்யவில்லை. மரியாதைக்காகச் சத்தத்தைக் குறைத்தோம், கிராஃப் நேராக இருந்தது, நம்பினோம்.

ஜமீல் பாயிடம் சொன்னேன். மேல்தளத்துப் பெட்டிகளைத் திறந்து வயரை மாற்ற வேண்டும், மிஷின்களை நிறுத்திவிட்டு முழுச் சத்தத்தில் மறுபடி அளக்க வேண்டும், நாளைக்குத் தையலை நிறுத்தித் தர வேண்டும் என்றேன். அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"கண்டெய்னர் கெளம்பணும் தணிகா! லைன நிறுத்துன்றே? இன்ஸ்பெக்ஷனுக்கு கிராஃப் நேரா இருக்குல்ல? ரெக்கார்டு ரெடியா இருக்குல்ல? அப்பறம் இன்னாத்துக்கு நோண்டுறே?"

"கிராஃப் நேராத்தான் இருக்கு பாய். ஆளுங்கதான் எழுந்திருக்கல."

"அதான் சொல்றேன். அந்தப் பொண்ணு கொரலு..."

எனக்கும் அலுத்துவிட்டது. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தால் யாரும் என்னை ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் மைக்குக்குப் பக்கத்தில் எஸ்தர் நின்றுகொண்டிருந்தாள். திருத்தங்களைப் பழையபடி போட்டுவிட்டு, மைக்கை எடுத்து ஜமீல் பாய் கையில் கொடுத்தேன்.

"மேல நெருப்பு புடிச்சிருக்கு பாய். எல்லாரையும் எறங்கி வரச் சொல்லுங்க. நெஜமா கத்துங்க."

முதலில் முறைத்தார். அப்புறம் கத்தினார். ஆம்பூர் சந்தைக்கே கேட்கிற குரல் அவருடையது. கத்திவிட்டுக் காத்திருந்தோம். படியில் ஒரு செருப்புச் சத்தம்கூட இல்லை. பாத்திமாவை மேலே அனுப்பி விசாரித்து வரச் சொன்னோம். அவள் சிரிப்பை அடக்கி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தாள்.

"பாய், நீங்க யாரையோ திட்டுறீங்கன்னு நெனச்சாங்களாம். தலைய குனிஞ்சினு தைக்கிறாங்க."

எஸ்தர் சிரித்துவிட்டாள். அன்றைக்கு அவள் சிரித்தது அதுதான் முதல். ஜமீல் பாய் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"எவ்ளோ நேரம் நிறுத்தணும்?" என்றார் கடைசியில்.

சனிக்கிழமை காலையில் மேல்தளத்தை நிறுத்தினார்கள். கம்பெனி எலக்ட்ரீஷியன் ஏணியைப் பிடித்துக்கொண்டார். என் வாழ்க்கையில் நான் ஏறின கடைசி ஏணி அதுதான். வயர்களை மாற்றினோம். கிராஸ்ஓவர் எல்லையைக் கொஞ்சம் நகர்த்தினேன். பழைய திருத்தங்களைக் குப்பையில் போட்டுவிட்டு, முழுச் சத்தத்தில் புதிதாக அளந்தேன். பெண்கள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, அந்த ஊளையைக் கேட்டு ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து சிரித்தார்கள். கிணறு தானாகவே தூர்ந்துபோயிருந்தது. மென்பொருளுக்கு அதிக வேலை இருக்கவில்லை. ஒன்றிரண்டு மேடுபள்ளம் மிச்சம் இருந்தது, அவற்றைத் தொடாமல் விட்டேன். பெட்டிக்குக் கொஞ்சம் மூச்சு மிச்சம் வைக்க வேண்டும் என்று இப்போதெல்லாம் நினைக்கிறேன்.

இன்னொரு வேலையும் செய்தேன். ரெக்கார்டு ஓடிக்கொண்டிருக்கும்போது எஸ்தர் தன் மைக் பட்டனை அழுத்தினால், ரெக்கார்டு வாயை மூடிக்கொண்டு அவளுக்கு வழிவிடும்படி அமைத்தேன்.

"அது எதுக்கு?" என்றார் ஜமீல் பாய். "செலவு பண்ணி ரெக்கார்டு வாங்கியிருக்கேன்."

"ரெக்கார்டுக்கு கண்ணு கெடையாது பாய். எந்தப் படியில பொகை வர்துன்னு அதுக்கு தெரியாது. எஸ்தருக்கு தெரியும்."

முனகினார், ஆனால் தடுக்கவில்லை. அவளை லைனுக்கு அனுப்புகிற பேச்சை அப்புறம் எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம், மிஷின்கள் ஓடும்போதே மறுபடியும் ஒத்திகை வைத்தார்கள். எஸ்தர் மைக்கைப் பிடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். கத்துவதற்குப் பயந்தாள். "கத்தும்மா, இப்ப தாங்கும்" என்றேன். கத்தினாள். மேல்தளம் முழுக்க நாற்காலி தள்ளும் சத்தம். கேட் பக்கப் படியில் திபுதிபுவென்று இறங்கி வந்தார்கள். கடைசியாக வந்த பெண் எஸ்தர் மேசைக்கு முன்னால் நின்று, "நேத்து இந்த வேலையே வேணாம்னு சொன்னியே, அதுவும் கேட்டுச்சு. இப்ப இன்னாடி சொல்றே?" என்றாள். எஸ்தர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை வந்த இன்ஸ்பெக்டர் இரண்டு கிராஃபையும் வாங்கிப் பார்த்திருக்கிறார். பழையதுதானே நேராக இருக்கிறது, புதியது ஏன் கோணலாக இருக்கிறது என்று கேட்டாராம். அது நேராக இருந்தபோது ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை என்று ஜமீல் பாய் சொன்னாராம். அது என்னுடைய வார்த்தை. எடுத்துக்கொள்ளட்டும்.

அதோடு நான் தொழிலை விட்டேன். பெருமையாக விட்டேன் என்று நினைக்காதீர்கள். களைத்துப்போய் விட்டேன். நானே அமைத்து, தொழுகை நேரத்தில் அளந்து, நேர்கோடு பார்த்துக் கையெழுத்துப் போட்ட பெட்டிகள் ராணிப்பேட்டைவரை எத்தனையோ இடத்தில் தொங்குகின்றன. அவற்றில் எது கத்தினால் புரியும், எது புரியாது என்று எனக்கே தெரியாது. உங்களில் யாருக்கு அங்கே போக வாய்ப்புக் கிடைத்தாலும், அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்துவிட்டு, வேறு நேரத்தில், முழுச் சத்தத்தில் ஒரு தடவை அளந்துவிட்டு வாருங்கள். நிசப்தத்தில் அளந்துவிட்டு நெருப்புக்கு உத்தரவாதம் கொடுக்கக்கூடாது. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம் இழுத்தேன்.

முடிவைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்ச காலம் கழித்து ஒருநாள் ஜமீல் பாய் போன் செய்தார். பசை ரூமில் நிஜமாகவே பற்றிக்கொண்டதாம். அலாரம் அடித்ததும் ரெக்கார்டு அழகாக ஆரம்பித்திருக்கிறது: 'அருகிலுள்ள படிக்கட்டைப் பயன்படுத்தவும்.' மேல்தளத்தில் பாதிப் பேருக்கு அருகிலுள்ள படிக்கட்டு பசை ரூம் படிக்கட்டு. அதில்தான் புகை ஏறிக்கொண்டிருந்தது.

"எஸ்தர் பட்டன அமுக்கி ரெக்கார்ட நிறுத்திட்டாப்பா" என்றார் ஜமீல் பாய். "'பசை ரூம் படி வேணாம், கேட் பக்கம் வாங்க, கேட் பக்கம் வாங்க'ன்னு கடைசி ஆள் எறங்குற வரைக்கும் விடல. நானே வெளிய வந்துடுன்னு கூப்ட்டேன். வரலப்பா. எல்லாரும் எறங்கிட்டாங்க தணிகா. ஒருத்திக்கும் ஒண்ணும் ஆவல."

மறுநாள் எஸ்தர் கூப்பிட்டாள். போனைக் காதில் வைத்தேன். என் காதின் இரைச்சல்தான் கேட்டது, அவள் பேசுவது கேட்கவில்லை. "சத்தமா பேசும்மா" என்றேன். அப்போதும் கேட்கவில்லை. காலமெல்லாம் ஊருக்குச் சத்தம் விற்றவன் நிலைமை இது. என் மனைவி போனை வாங்கிக் கேட்டாள். கேட்டுக்கொண்டே எனக்குத் திருப்பிச் சொன்னாள்.

"கத்திக் கத்திக் கொரல் சுத்தமா போய்டுச்சாம். காத்துதான் வருதாம். பேசவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். போனா போவட்டும், மேல எல்லாருக்கும் கேட்டுச்சுன்னு சார்கிட்ட சொல்லுங்கன்றா."

போனை மறுபடி வாங்கிக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் அவள் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். அது மட்டும் எனக்கே கேட்டது.